மிஷேல் மூட்டோன்: 1982-இல் கைநழுவிய உலகப் பட்டமும் அதன் கணக்கும்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: பிரான்சைச் சேர்ந்த ராலி (சாலைகளில் நேரத்தை எதிர்த்து ஓட்டும் கார்ப் பந்தயம்) வீராங்கனை மிஷேல் மூட்டோன் 1982-ஆம் ஆண்டு உலகப் பட்டத்தை உண்மையிலேயே நெருங்கினாரா, அல்லது ஆவுடி குவாட்ரோ என்ற அசாத்தியமான கார் அவர் கையில் இருந்ததால் மட்டுமே அவர் பெயர் இன்று பேசப்படுகிறதா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் மிக நெருங்கினார். ஒரே ஒரு பந்தயத்தின் முடிவு மாறியிருந்தால் பட்டம் அவருடையது. காரைப் பற்றிய வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் அதே காரை அதே ஆண்டில் ஓட்டிய மற்றவர்களின் கணக்கைப் பார்த்தால் அந்த வாதம் நிற்பதில்லை. இரண்டையும் எண்களோடு விளக்க வேண்டும். அதற்கு முன் அவர் எங்கிருந்து வந்தார் என்பதைச் சொன்னால்தான் அந்த எண்களுக்குப் பொருள் இருக்கும்.

மூட்டோன் 1951 ஜூன் 23-இல் பிரான்சின் தெற்கே, வாசனைத் திரவியங்களுக்குப் பெயர்பெற்ற கிராஸ் என்ற ஊரில் பிறந்தார். குடும்பத்துத் தொழில் ரோஜாவும் மல்லிகையும் பயிரிடுவது. பதினான்கு வயதிலேயே தந்தையின் சித்ரோயன் 2சிவி காரை ஓட்டிப் பழகினாலும், பந்தயம் என்ற எண்ணம் அவருக்குச் சிறுவயதில் இருந்ததில்லை. சட்டம் படிக்கப் போனார். 1972-இல் கோர்சிகா தீவு ராலிக்குத் தயாராகிக்கொண்டிருந்த நண்பர் ஒருவருக்குத் துணையாகப் போனதும், 1973-இல் மான்டி கார்லோ ராலியில் துணை ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்ததும்தான் தொடக்கம். துணை ஓட்டுநரின் வேலை எளிதானதல்ல. அடுத்த வளைவு எவ்வளவு கூர்மையானது, அதற்குப் பின் மேடா பள்ளமா என்பதை முன்கூட்டியே எழுதி வைத்த குறிப்பிலிருந்து, கார் பறந்துகொண்டிருக்கும்போதே ஓட்டுநருக்குச் சரியான நொடியில் படித்துச் சொல்ல வேண்டும். ஒரு வரி தவறினாலும் கார் சாலையில் இருக்காது.

மகள் அந்த இருக்கையில் அமர்வதைத் தந்தை விரும்பவில்லை. பந்தயத்தில் இருப்பதானால் நீயே ஓட்டு என்று சொல்லி, ஒரு ஆல்பீன் ஏ110 காரை வாங்கிக் கொடுத்து, தன்னை நிரூபிக்க ஓராண்டு காலம் தந்தார். ஒரு தந்தை தன் மகளுக்கு 1970-களின் தொடக்கத்தில் இப்படிச் செய்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. அந்தத் தந்தை பின்னால் இந்தக் கதையில் மீண்டும் வருவார்.

1974-இல் கோர்சிகாவில் அவர் பன்னிரண்டாவதாக முடித்தார். சொந்தக் காரில் ஓட்டிய ஒரு புதியவருக்கு அது நல்ல முடிவு. அதனாலேயே சந்தேகமும் எழுந்தது. அவருடைய காரில் விதிகளுக்குப் புறம்பான எஞ்சின் இருக்க வேண்டும் என்ற பேச்சு கிளம்பி, அதிகாரிகள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். எதுவும் கிடைக்கவில்லை. 1975-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், மூன்று பெண்கள் மட்டுமே கொண்ட அணியில் மொய்னே காரை ஓட்டி, இரண்டு லிட்டர் பிரிவில் முதலிடம் பெற்றார். அந்தப் பந்தயத்தில் மழை வந்தபோது, டயரை மாற்ற உள்ளே வரும்படி அணி அழைத்தும் வராமல், வறண்ட தடத்துக்கான வழுவழுப்பான டயரிலேயே மற்றவர்களைத் தாண்டிக்கொண்டிருந்தார் என்பது அவரே பல முறை நினைவுகூர்ந்த செய்தி.

பிறகு ஃபியட்டின் பிரெஞ்சுப் பிரிவு அவரை அமர்த்திக்கொண்டது. ஃபியட் 131 அபார்த் கனமான, ஓட்டுபவரின் தோளைக் களைப்பாக்கும் கார். அதை வைத்துக்கொண்டு 1979, 1980 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மான்டி கார்லோவில் ஏழாவதாக வந்தார். 1978-இல் பிரான்ஸ் முழுவதையும் சுற்றி வரும் டூர் டி பிரான்ஸ் கார் பந்தயத்தை வென்றார். ஆக, 1980-இல் ஆவுடி நிறுவனம் அவரைத் தேடி வந்தபோது, அவர் விளம்பரத்துக்காகச் சேர்க்கப்பட்ட முகம் அல்ல. ஐரோப்பாவின் தார்ச்சாலைகளில் பெயரெடுத்த தொழில்முறை ஓட்டுநர். ஆவுடிக்கு அதில் விளம்பர ஆதாயமும் இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் விளம்பரத்துக்காக மட்டும் எந்த நிறுவனமும் தன் புத்தம்புதிய காரை உலகப் போட்டியில் ஒருவரிடம் ஒப்படைப்பதில்லை.

இப்போது அந்தக் காரைப் பற்றி. 1980 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான குவாட்ரோ, ஐந்து சிலிண்டர் டர்போ எஞ்சினின் விசையை நான்கு சக்கரங்களுக்கும் கொடுத்தது. அதுவரை உலக ராலிப் போட்டியில் வென்ற கார்கள் அனைத்தும் இரண்டு சக்கரங்களால் உந்தப்பட்டவை. 1981 பிப்ரவரியில் பனி மூடிய சுவீடனில் ஆவுடியின் மற்றொரு ஓட்டுநரான பின்லாந்தின் ஹன்னு மிக்கோலா வென்றதுதான் உலக ராலிப் போட்டியில் நான்கு சக்கர இயக்கம் பெற்ற முதல் வெற்றி. பனியிலும் சரளையிலும் அந்தக் காருக்கு இணை இல்லை. ஆனால் அது குறையில்லாத கார் என்று நினைத்துவிடக் கூடாது. எஞ்சின் முன் அச்சுக்கும் முன்னால் தொங்கியதால் மூக்கு கனத்து, வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகப் பார்க்கும். பழைய டர்போக்களுக்கே உரிய தாமதமும் உண்டு. ஆக்ஸிலரேட்டரை மிதித்துச் சற்று நேரம் கழித்துத்தான் விசை வரும், வரும்போது மொத்தமாக வரும். ஆகவே வளைவு தொடங்கும் முன்பே, கார் இன்னும் திரும்பாதபோதே, வலது காலை அழுத்த வேண்டும். பயப்படுகிறவருக்கு அந்தக் கார் வேகம் தராது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த முதல் ஆண்டுகளில் அது அடிக்கடி பழுதடைந்தது.

1981-இல் போர்ச்சுகல் ராலியிலிருந்து மூட்டோனின் பக்கத்து இருக்கையில் இத்தாலியைச் சேர்ந்த ஃபாப்ரிட்சியா பொன்ஸ் அமர்ந்தார். பொன்ஸ் தாமும் ஓட்டுநராக இருந்து, பிறகு குறிப்பு படிப்பவராக மாறியவர். இந்த இணை அந்த ஆண்டு அக்டோபரில் இத்தாலியின் சான்ரெமோ ராலிக்குப் போனது. தார்ச்சாலையும் சரளைப் பாதையும் கலந்த நீண்ட ராலி அது. கடைசி இரவுக்குள் நுழையும்போது, அந்த ஆண்டின் உலகப் பட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த பின்லாந்தின் ஆரி வாட்டனென் சில பத்து நொடிகள் இடைவெளியில் துரத்தி வந்தார். இருட்டு மலைச்சாலையில் வாட்டனென் தவறு செய்தார்; மூட்டோன் செய்யவில்லை. இரண்டாவதாக வந்த பின்லாந்து ஓட்டுநர் ஹென்றி டொய்வோனெனை மூன்று நிமிடத்துக்கும் மேல் பின்னுக்குத் தள்ளி மூட்டோன் வென்றார். உலக ராலிப் போட்டியின் ஒரு சுற்றை, அதாவது அந்தத் தொடரில் ஒரு ராலியை, ஒரு பெண் வென்றது அதுவே முதல் முறை. அவரைத் தவிர வேறு எந்தப் பெண்ணும் ஓட்டுநராக அதைச் செய்ததில்லை.

இனி 1982. அந்த ஆண்டின் எதிராளி ஜெர்மனியின் வால்ட்டர் ரோர்ல், 1980-இன் உலகச் சாம்பியன். அவருடைய கார் ஓப்பல் அஸ்கோனா 400: டர்போ இல்லை, பின் சக்கர இயக்கம் மட்டுமே, ஆனால் எளிதில் உடையாத கார். வேகமும் பலவீனமும் கொண்ட ஒரு கார், மெதுவும் உறுதியும் கொண்ட மற்றொரு கார் என்ற இந்த முரண்தான் அந்த ஆண்டின் முழுக் கதையும்.

புள்ளி முறை இப்படி இருந்தது: முதல் இடத்துக்கு 20, அடுத்து முறையே 15, 12, 10, 8, 6, 4, 3, 2, 1. ஆண்டு முழுவதும் பன்னிரண்டு சுற்றுகள். ஒருவரின் சிறந்த ஏழு முடிவுகள் மட்டுமே கூட்டப்படும்.

ஜனவரியில் மான்டி கார்லோவை ரோர்ல் வென்றார். மூட்டோனின் கார் ஒரு கிராமத்து வீட்டின் சுவரில் மோதி நின்றது. சுவீடனில் ரோர்ல் மூன்றாவது, மூட்டோன் ஐந்தாவது. போர்ச்சுகலில் மூட்டோன் வென்றார்; ரோர்லுக்குப் புள்ளி இல்லை. கென்யாவின் சஃபாரி ராலிக்கு ஆவுடி போகவில்லை. அங்கே இந்திய வம்சாவளியினரான ஷேகர் மேத்தா தம் ஐந்தாவது சஃபாரி வெற்றியைப் பெற, ரோர்ல் இரண்டாவதாக வந்து 15 புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டார். கோர்சிகாவின் முறுக்கிய தார்ச்சாலை குவாட்ரோவுக்குப் பொருந்தவில்லை. ரோர்ல் நான்காவது, மூட்டோன் ஏழாவது. கிரேக்கத்தின் அக்ரோபோலிஸ் ராலி கார்களின் அடிவயிற்றைக் கற்களால் கிழிப்பதற்குப் பெயர்போனது. அங்கே மூட்டோன் முதலிடம், ரோர்ல் இரண்டாமிடம். நியூசிலாந்தில் மூட்டோனின் கார் பழுதாகி நிற்க, ரோர்ல் மூன்றாவது. பிரேசிலில் மீண்டும் மூட்டோன் முதலிடம், ரோர்ல் இரண்டாமிடம். பின்லாந்தில் ரோர்ல் கலந்துகொள்ளவில்லை. அந்த நல்ல வாய்ப்பை மூட்டோன் விபத்தில் இழந்தார். சான்ரெமோவில் ஆவுடியின் மற்ற ஓட்டுநர்களான சுவீடனின் ஸ்டிக் புளோம்க்விஸ்ட், மிக்கோலா இருவரும் முதல் இரண்டு இடங்களைப் பிடிக்க, ரோர்ல் மூன்றாவது, மூட்டோன் நான்காவது.

இந்த நிலையில் இரண்டு சுற்றுகள் மீதம். ரோர்லின் சிறந்த ஏழு முடிவுகள் 101 புள்ளிகள். மூட்டோனிடம் ஆறு முடிவுகள், 82 புள்ளிகள். பத்தொன்பது புள்ளி வித்தியாசம் பெரிதாகத் தோன்றும். ஆனால் ரோர்லின் பட்டியலில் இனி எந்த நல்ல முடிவு வந்தாலும் ஏற்கெனவே உள்ள ஒரு 12-ஐ நீக்கிவிட்டுத்தான் சேர வேண்டும். மூட்டோனின் ஏழாவது இடமோ காலியாக இருந்தது. ஓயாமல் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வந்தவரின் புள்ளிகள் ஓர் உச்சத்தில் முட்டிக்கொண்டிருந்தன. வெற்றியும் விபத்துமாக மாறி மாறி வந்தவருக்கு மேலே ஏற இடம் இருந்தது.

அடுத்த சுற்று மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில், அக்டோபர் கடைசியில். ஐரோப்பிய ராலிகளைப் போலக் குறுகிய வேகக் கட்டங்கள் அங்கே கிடையாது. புழுதிச் சாலைகளில் நாள் கணக்கில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்கள். இப்படிப்பட்ட ராலிக்குக் குவாட்ரோ இன்னும் பக்குவப்படவில்லை என்பது ஆவுடிக்குத் தெரிந்திருந்தது.

ராலி தொடங்கும் காலையில் மூட்டோனுக்குச் செய்தி வந்தது: புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த தந்தை இறந்துவிட்டார். உடனே ஊருக்குத் திரும்பவே அவர் நினைத்தார். நீ ஓட்டுவதைத்தான் அப்பா விரும்பியிருப்பார் என்று தாய் வற்புறுத்தியதால் நின்றார். ஆல்பீன் காரை வாங்கிக் கொடுத்து ஓராண்டு தந்தவர் அந்தத் தந்தை.

அப்படிப்பட்ட மனநிலையில் ஓட்டியவர் ராலியின் முற்பகுதியில் ரோர்லைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னே சென்றார். நொடிகளில் வெற்றி தீர்மானிக்கப்படும் விளையாட்டில் ஒரு மணி நேரம்; ஆப்பிரிக்க ராலிகளில் இடைவெளிகள் பெரிதாக இருப்பது வழக்கம்தான் என்றாலும், இது எவரையும் நிம்மதியாக உறங்கவைக்கும் முன்னிலை. பிறகு குவாட்ரோவின் கியர்பாக்ஸ் தகராறு செய்தது. அதை மாற்றுவதில் முன்னிலை முழுவதும் கரைந்தது. ரோர்லின் ஓப்பல் எப்போதும்போல் ஓடிக்கொண்டே இருந்தது. இழந்த நேரத்தைப் பிடிக்க முயன்ற மூட்டோன், பார்வை தெளிவில்லாத ஓரிடத்தில் சாலையை விட்டு விலகினார். அடிபட்ட கார் சிறிது தூரம்தான் போனது. ரோர்ல் வென்று 20 புள்ளிகள் பெற, அவருடைய கணக்கு 109 ஆனது. கடைசிச் சுற்றான பிரிட்டனின் ஆர்ஏசி ராலியை மூட்டோன் வென்றாலும் 102-ஐத்தான் தொட முடியும் என்பதால் பட்டம் அங்கேயே முடிவாகிவிட்டது. பிரிட்டனில் அவர் இரண்டாவதாக வந்து, 97 புள்ளிகளுடன் ஆண்டை முடித்தார்.

இப்போது மாற்றிக் கணக்கிட்டுப் பாருங்கள். ஐவரி கோஸ்டில் கியர்பாக்ஸ் தாங்கி, மூட்டோன் முதலிடமும் ரோர்ல் இரண்டாமிடமும் பெற்றிருந்தால் ரோர்லின் ஏழு முடிவுகள் 104 புள்ளிகள். மூட்டோன் 102. பிறகு பிரிட்டனில் மூட்டோன் உண்மையில் பெற்ற அதே இரண்டாமிடத்தின் 15 புள்ளிகள், கோர்சிகாவின் 4-ஐ நீக்கிவிட்டு உள்ளே வந்து 113 ஆகியிருக்கும். ரோர்ல் அந்தக் கடைசி ராலியில் கலந்துகொள்ளவே இல்லை. ஆகவே 113-க்கு 104. நெருங்கினார் என்று நான் முதலில் சொன்னது இதைத்தான்.

இதனால் ரோர்லின் பட்டம் எந்த விதத்திலும் குறைந்துவிடாது. எண்பதுகளின் மிகச் சிறந்த ஓட்டுநராகப் பலர் அவரைக் கருதுவதற்குக் காரணம் இருக்கிறது. தன் காரைவிட வேகமான காரை எதிர்த்து ஓராண்டு முழுவதும் நிதானம் தவறாமல் ஓட்டுவது எளிதல்ல. மூட்டோனின் பக்கத்திலும் பழுதுகள் மட்டும் குற்றவாளிகள் அல்ல: மான்டி கார்லோவின் சுவரும் பின்லாந்தின் விபத்தும் அவருடைய கணக்கில்தான் எழுதப்பட வேண்டும். அவரை மதிப்பவர்கள் இதை மறைக்கத் தேவையில்லை.

கேள்வியின் இரண்டாவது பகுதி கார். 1982-இன் பன்னிரண்டு சுற்றுகளில் ஆவுடி ஏழை வென்று, கார் நிறுவனங்களுக்கான தயாரிப்பாளர் பட்டத்தைப் பெற்றது. அந்த ஏழில் மூட்டோன் வென்றவை மூன்று. மிக்கோலாவுக்கு இரண்டு, சில சுற்றுகளில் மட்டும் ஓட்டிய புளோம்க்விஸ்டுக்கு இரண்டு. ஆண்டின் முடிவில் மிக்கோலாவின் புள்ளிகள் 70, மூட்டோனுடையவை 97. மிக்கோலா யார்? அடுத்த ஆண்டே, 1983-இல், குவாட்ரோவில் உலகச் சாம்பியன் ஆனவர். காரின் வளர்ச்சியில் தொடக்கம் முதல் உடனிருந்தவர். மிக்கோலாவின் கார் அந்த ஆண்டு அதிகம் உடைந்தது என்பது சரிதான். ஆனால் பலவீனமான ஒரு காரை இறுதிக் கோடுவரை கொண்டுவருவதும் ஓட்டுநரின் திறமைதான், அதிலும் அக்ரோபோலிஸ் போன்ற கல் நிறைந்த ராலியில். கார் மட்டுமே காரணமாக இருந்தால், ஆவுடியின் முதல் இடத்தில் இருந்திருக்க வேண்டியவர் மூட்டோன் அல்ல.

1983-இல் மூட்டோன் கென்யாவின் சஃபாரியில் மூன்றாமிடம் பெற்றார். ஆண்டை ஐந்தாவதாக முடித்தார். அதன் பிறகு ஆவுடியில் அவருக்குக் கிடைத்த சுற்றுகள் குறைந்தன. 1984-இல் சுவீடனில் இரண்டாமிடம் வந்ததே உலகப் போட்டியில் அவர் கடைசியாக மேடையேறிய தருணம். மொத்தம் ஐம்பது உலகச் சுற்றுகள், நான்கு வெற்றிகள், ஒன்பது முறை முதல் மூன்று இடங்கள்.

இந்தக் காலத்தில் அவர் செய்தவற்றில் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றம் தனியாகப் பேசத் தக்கது. கொலராடோவில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர், 156 வளைவுகள், கடல் மட்டத்திலிருந்து 4,300 மீட்டர் உயரத்தில் முடியும் தடம். அந்த நாளில் முழுவதும் மண் பாதை, பல இடங்களில் விளிம்புத் தடுப்பும் கிடையாது. மேலே போகப் போகக் காற்று மெலிந்து எஞ்சின் மூச்சுத் திணறும். 1985-இல் மூட்டோன் அங்கே 11 நிமிடம் 25.39 நொடியில் ஏறி, இரண்டாண்டுகளாக நின்ற அல் அன்சர் ஜூனியரின் சாதனையைப் பன்னிரண்டு நொடிக்கும் மேலாக முறியடித்தார். பல ஆண்டுகளாக அமெரிக்கர்கள், அதிலும் அன்சர் குடும்பத்தார், தங்கள் வீட்டு முற்றமாகக் கருதிய மலை அது. மறு ஆண்டே பாபி அன்சர் வந்து அந்த நேரத்தைக் குறைத்தார், அதுவும் ஒரு ஆவுடியில். மூட்டோன் ஏற்படுத்திய சலனத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

1986-இல் பீஜோ 205 டர்போ 16 காருடன் ஜெர்மனியின் தேசிய ராலிப் பட்டத்தை வென்றார். ஆகவே அவரைப் பட்டமே பெறாதவர் என்று சொல்வது தவறு. ஒரு பெரிய நாட்டின் ராலிப் பட்டத்தை ஆண்களோடு போட்டியிட்டு வென்றவர் அவர். ஆனால் அதே ஆண்டு மே 2-இல், அவரும் கலந்துகொண்டிருந்த கோர்சிகா ராலியில், ஹென்றி டொய்வோனெனும் அவருடைய துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் கார் மலைச்சரிவில் விழுந்து தீப்பற்றியதில் உயிரிழந்தார்கள். குரூப் பி எனப்பட்ட அந்த மிகை வேகக் கார்கள் அடுத்த ஆண்டு முதல் தடைசெய்யப்பட்டன. மூட்டோன் அந்த ஆண்டோடு ராலியிலிருந்து விலகினார். 1987-இல் மகள் பிறந்தாள். 1988-இல் டொய்வோனெனின் நினைவாக, ஃபிரெட்ரிக் ஜான்சனுடன் சேர்ந்து ‘ரேஸ் ஆஃப் சாம்பியன்ஸ்’ போட்டியைத் தொடங்கினார். 2010 முதல் சர்வதேச மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் பெண்களுக்கான ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார்; உலக ராலிகளின் பாதுகாப்புப் பொறுப்பிலும் பல ஆண்டுகள் இருந்தார். வளைவின் வெளிப்பக்கம் நிற்கும் பார்வையாளர்களை விரட்டுவதில் அவர் காட்டிய கண்டிப்பு, எண்பதுகளின் கூட்டத்துக்கு நடுவே அதே கார்களை ஓட்டியவருக்கு இயல்பாக வரக்கூடியதுதான்.

அவருக்குப் பிறகு உலக ராலியின் ஒரு சுற்றை எந்தப் பெண்ணும் ஓட்டுநராக வெல்லவில்லை என்று மேலே சொன்னேன். துணை ஓட்டுநர் இருக்கைக்கு அது பொருந்தாது. 1997 ஜனவரியில் சுபாரு காரில் பியேரோ லியாட்டி மான்டி கார்லோ ராலியை வென்றபோது, அவருக்கு வளைவுகளைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தவர் ஃபாப்ரிட்சியா பொன்ஸ். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அதே ராலியில், மூட்டோனோடு அந்த வீட்டுச் சுவரில் மோதிய குவாட்ரோவில் இருந்தவரும் அவரே.